தினமும் தூங்க வைத்த காவல்காரன்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் சொன்னால் குறுக்கே விழுந்து பேசுவாய், அப்புறம் அழுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு இலவச ஆன்டிவைரஸ் போதுமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா, என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டாயே, முடிவு இதுதான். உன் அப்பாவின் தோள் எலும்பு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது, உன் அண்ணன் வீட்டை விட்டுப் போய்விட்டான், ஸ்டுடியோவில் உடையாத கண்ணாடி ஒன்றுகூட இல்லை.

ஒரு வருடமாகவே இருவருக்கும் இதே சண்டைதான். இலவசம் பழைய வைரஸைத்தான் பிடிக்கும், படங்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற திருடன் வந்தால் காசு கொடுத்து வாங்கியதுதான் நிற்கும், அவசரத்துக்குக் கூப்பிடவும் ஒரு ஆள் இருப்பான் என்று அண்ணன் சொல்வான். அப்பா விடுவாரா, இரண்டும் ஒரே காவல்காரன்தான்டா, ஒருத்தன் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கான், அவ்வளவுதான் என்பார். போதாக்குறைக்கு அந்த இலவசம், வாடிக்கையாளர் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பணம் கட்டச் சொல்லித் திரையில் வந்து நிற்கும். ஒரு நாள் அண்ணன் மவுஸைச் சுவரில் அடித்துச் சுக்குநூறாக்கினான். அப்பா அவன் பிடரியில் ஒன்று வைத்தார்.

போன மாதம் ஒரு காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு படமும் திறக்கவில்லை, எல்லாவற்றையும் எவனோ பூட்டிவிட்டு, பணம் அனுப்பினால்தான் சாவி என்று எழுதி வைத்திருந்தான். நகல் வைத்திருந்த டிஸ்க்கும் எப்போதும் அதிலேயே செருகிக் கிடந்ததால் அதுவும் போயிற்று. அதில்தான் கறிக்கடைக்காரர் மகளின் கல்யாணப் படங்கள் இருந்தன. கல்யாணம் முடிந்த மறு வாரமே அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், அவள் சிரித்த முகம் வேறு எங்கும் இல்லை. விஷயம் தெரிந்ததும் மனிதர் தன் மச்சானோடு வந்தார். வந்த வேகத்தில் நாற்காலியைத் தூக்கி முன்பக்கக் கண்ணாடியில் வீசினார். அப்பாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார், அப்பாவுக்கு விழி பிதுங்கிவிட்டது. மச்சான் கேமராக்களைத் தரையில் போட்டு மிதித்தான். நான் துடைப்பத்தை எடுத்து அவன் முகத்திலேயே விளாசினேன், அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அக்கம்பக்கத்தார் வந்து பிரித்துவிட்டார்கள்.

அவர்கள் போனதோடு முடிந்திருக்கலாம். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு அண்ணன், எல்லாம் உங்கள் கஞ்சத்தனத்தால் வந்தது என்று சொன்னான். அப்பா அவன் வாயிலேயே அறைந்தார். உதட்டில் ரத்தம் வந்ததும் அவனுக்கு எங்கிருந்துதான் வெறி வந்ததோ, கையில் அகப்பட்ட லைட் ஸ்டாண்டைச் சுழற்றி வீசிவிட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு அவன் அப்படியே நின்றான், அப்பா தரையில் கிடந்தபடி, இனி என் மூஞ்சியில் முழிக்காதே என்றார். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு நண்பனின் அறைக்குப் போய்விட்டான்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் வந்து குடைந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், "இலவசமோ காசு குடுத்ததோ, ரெண்டும் ஒண்ணும் செஞ்சிருக்காதும்மா. அந்த வைரஸ் வந்தப்போ ஆன்டிவைரஸ் ஆஃப்ல இருந்திருக்கு." எனக்குச் சுருக்கென்றது. ஆல்பம் போடுகிற அந்த சாஃப்ட்வேர் காசு கொடுக்காமல் ஏற்றிய திருட்டு கிராக் காப்பி, ஆன்டிவைரஸ் விழித்திருந்தால் அதை ஓட விடாது. அதனால் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை ஆன்டிவைரஸை அணைப்பது. காவல்காரனைத் தூங்க வெச்சாச்சா என்று அப்பா தினமும் கேட்பார், வெச்சாச்சு என்று அண்ணன் சிரிப்பான். இந்தத் தூங்குமூஞ்சிக்காகவா இவர்கள் ஒரு வருடம் அடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கிராக் காப்பியை யார் போட்டது என்று பழுது பார்ப்பவர் கேட்டார். நான் போய் விசாரித்ததற்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அப்பா, நான்தான் போட்டேன் என்றார். அவருக்கு ஒரு படத்தைத் திருப்பக்கூடத் தெரியாது. பழுது பார்ப்பவர் அண்ணனைப் போனில் கேட்டதற்கு அவனும் நான்தான் என்றானாம். போன தடவை நீ வந்தபோது, இதற்குப் போய் யாராவது பணம் கொடுப்பார்களா என்று சொல்லி அதை ஏற்றியது நீ. எச்சரிக்கை வந்தால் கண்டுகொள்ளாதீங்க, அணைச்சுட்டு வேலையைப் பாருங்க என்று சொல்லிக் கொடுத்ததும் நீ. கம்ப்யூட்டர் படித்த பெண் சொன்னால் அவர்களுக்கு அதற்கு மேல் பேச்சு ஏது. இன்றைக்கு ஒருவரை ஒருவர் கொன்றுவிடுகிற கோபத்தில் இருக்கிற இருவரும் உன் பெயரை மட்டும் வாயில் எடுக்கவில்லை. சமாதானம் பேச உட்கார்ந்தால் பேச்சு உன்னிடம்தான் வந்து நிற்கும், அது தெரிந்துதான் பேசாமலே இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லையடி. நீ எதிரில் இருந்திருந்தால் உன் கன்னம் பழுத்திருக்கும்.

பழுது பார்ப்பவர் சொன்னபடி அந்தக் கிராக் சனியனை அழித்தாயிற்று. ஆல்பம் சாஃப்ட்வேரை முறையாக வாங்குங்கள், ஆன்டிவைரஸ் இப்போதைக்கு இலவசமே இருக்கட்டும், அணைக்காமல் இருங்கள், நகல் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள் என்றார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பணம் அனுப்பி இதை மூடிவிடப் பார்க்காதே. முதலில் அண்ணனைக் கூப்பிடு, அப்புறம் அப்பாவை. நான்தான் செய்தேன் என்று உன் வாயால் சொல். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, எவ்வளவு திட்டினாலும் நீ என் வயிற்றில் பிறந்தவள், நூறு வயது நன்றாக இரு.

ஒன்றை மறந்துவிட்டேன். அண்ணனின் பழைய கேமராவில் கல்யாணத்தின் பாதிப் படங்கள் அழிக்காமல் இருந்தனவாம். தனியாகவே கறிக்கடைக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறான். அவனைக் கண்டதும் அவர் கதவை ஓங்கிச் சாத்தியதில் வலது கை விரல்கள் நசுங்கிவிட்டன, அப்படியும் இடது கையால் அந்தக் கேமராவின் மெமரி கார்டைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டுத்தான் வந்தான். கறிக்கடைக்காரரே நேற்று வந்து, என் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொல்லிவிட்டு அழுதுவிட்டுப் போனார். அந்தக் கையோடு போனை எடுக்க அவனுக்கு நேரம் பிடிக்கும். எடுக்கும்வரை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் இன்னும் ஆறாத,
அம்மா