நீ இறக்காமல் மேலே ஏற்றிய விமானம்

தக்கலை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பெமிலாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், நீ தோஹாவில் சுகமாயிருக்க இரண்டு நேரமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, மழையில் வாழை நாலு சாய்ந்துவிட்டது. மூன்று வாரமாக நீ அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். அதில் உன்மேல் குற்றமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னைப் பார்த்துவிட்டு நீ ஓட்டிய விமானத்திலேயே நாங்கள் ஊர் திரும்பிய அன்று, திருவனந்தபுரத்தில் தென்னைகள் தெரியும் உயரத்துக்கு வந்தபிறகு விமானம் உறுமிக்கொண்டு மறுபடி மேலே ஏறியது. ஆட்கள் அலறினார்கள். சுற்றி வந்து இரண்டாவது தடவை பதமாக இறக்கினாய். வெளியே வந்ததும், கூட வந்த உன் மாமா இஸ்ரவேல், பெண்பிள்ளை கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று சிரித்தார். நான் அவரைக் கண்டிக்காமல் உன்னைப் பார்த்து, ‘ஒரு தடவையில இறக்கத் தெரியாதா ஏட்டி?’ என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். நீ பெட்டியை இழுத்துக்கொண்டு போனாய்.

நீ போனில் விளக்கியதைப் பிறகு அம்மா சொன்னாள். விமானத்தின் எடையைப் பார்த்து இறங்கும் வேகத்தை முன்னாலேயே கணக்குப் போட்டு வைப்பீர்களாம், எதிர்காற்று பலமாயிருந்தால் கொஞ்சம் கூட்டுவீர்களாம், ஆயிரம் அடிக்கு வரும்போது அந்த வேகம் அமையவில்லை என்றால் இறங்கவே கூடாதாம். அன்று பின்காற்று தள்ளியதில் வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டர் கூடுதலாக இருந்ததாம். கேட்டதும் எனக்கு என் பழைய பஸ்தான் ஞாபகம் வந்தது மக்ளே.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மார்த்தாண்டம் ரூட்டில் நான் ஓட்டிய தனியார் பஸ் ஓடைக்குள் போனதே, பிரேக் பிடிக்கவில்லை என்று உன்னிடமும் சொன்னேன். பிரேக் பிடித்தது. நேரமாச்சு என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள், முன்னால் போன பஸ்ஸைப் பிடிக்கும் வீம்பு வேறு, இறக்கத்தில் வேகம் கூடியது எனக்கே தெரிந்தது, நான் குறைக்கவில்லை. ஒரு ஆளுக்குக் கால் போனது. பிரேக் பார்த்த மெக்கானிக் முருகதாஸை முதலாளி வேலையைவிட்டு நிறுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. நான் செய்யாததை நீ செய்தாய், அதற்கா உன்னைத் திட்டினேன் என்று நினைக்க நினைக்கக் கூசுகிறது.

போன சனிக்கிழமை குளச்சலில் முருகதாஸ் வீட்டைத் தேடிப் போய் எல்லாம் சொன்னேன்.  அவன், ‘எனக்கு அன்னைக்கே தெரியும் ஓய், பிரேக்க நான்தானே பாத்தேன். நீரு எப்ப வருவீருன்னுதான் இருந்தேன்’ என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கும்போது இஸ்ரவேலிடம், என் மகள் செய்ததுதான் சரி, நான் கேட்டதுதான் தப்பு என்று உரக்கச் சொன்னேன். அவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

உன் வேலையிலும் சுகத்திலும் கர்த்தர் துணையிருப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுக்காதே. கால் போனவர் அருமனை ஊரில் மகனோடு இருக்கிறாராம், நாளைக் காலையில் அங்கே போகிறேன். கதவைத் திறப்பாரோ என்னவோ. எனக்காக ஒரு வார்த்தை ஜெபித்துக்கொள் மக்ளே.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அப்பா நேசையன்