கொரியாக் கொடி ஒட்டிய பெட்டி

போன மாதம் டிக்கோயா தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் பொருத்துவதற்கு மண்சரிவு எச்சரிக்கைக் கருவிகள் நன்கொடையாக வந்து இறங்கின. பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசம் அடித்தது. ஒவ்வொன்றிலும் கொரியாக் கொடி ஒட்டியிருந்தது. உன்னை நினைத்துக்கொண்டேன். அந்தக் கொடியைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

நாம் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பக்கத்து லயத்தின் கடைசிக் காம்பராக்கள், அந்த அறைகளில் இருந்த ஆட்களோடு, மண்சரிவில் மண்ணுக்குள் போயின. எல்லோரும் அழுதுகொண்டு நின்றோம். நீ மட்டும் மேட்டையே பார்த்துவிட்டு, "விழுறதுக்கு முன்னாடி மண்ணு கொஞ்சம் நகர்ந்திருக்கும்ல? அது ஏன் யாருக்கும் தெரியல?" என்றாய்.

அந்தக் கேள்வியை நீ விடவே இல்லை. பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தாய். நான் விஞ்ஞான ஆசிரியை ஆனேன். உன் முதல் கருவியை ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் பொருத்தி, நாம் இருவருமாகக் குழி தோண்டி மேட்டில் புதைத்தோம். மண்ணில் ஈரம் ஏறியதும் என் போனுக்குச் செய்தி வந்தது. சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தோம். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தாய். போன இடத்திலெல்லாம், "நல்ல யோசனை, பார்ப்போம்" என்றார்கள்.

கொரியாவில் ஓர் ஆய்வுகூடத்துக்கு எழுதிப் பார்த்தாய். அவர்கள் உடனே கூப்பிட்டார்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேனே, அதில் பாதி பொறாமைதான். உனக்கும் அது தெரியும். "நீயும் வாடி" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாய்.

ஒவ்வொரு வருடமும் எந்த நாடு புதிதாகக் கண்டுபிடிப்பதில் முன்னால் நிற்கிறது என்ற பட்டியல் வெளிவரும்போது, என்னைச் சீண்டவே அதை அனுப்புவாய். கொரியா மேலே இருக்கும். நம் நாட்டைக் கீழே போய்த் தேட வேண்டும்.

"நம்ம புள்ளைங்களக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கிட்டு மேல நிக்கிறாங்க" என்றேன் ஒருமுறை.

"கூட்டிட்டு வரலடி. வேலை குடுத்தாங்க. ஒரு யோசனை சொன்னா, அடுத்த நாள் அதுக்கான சாமான் என் மேசையில இருக்கு."

அன்று சரியாகப் பேசாமல் போனை வைத்தேன்.

அங்கே நீ செய்து முடித்த அந்தக் கருவி சந்தைக்கு வருமுன்பே இரத்தப் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது. அந்த ஆய்வுகூடத்தார் கடைசி வரை வைத்தியம் பார்த்தார்கள். உன் சாம்பலையும் மரியாதையாக அனுப்பிவைத்தார்கள்.

கருவியைப் பொருத்த வந்த இளைஞர், "இது கொரியாவோட கண்டுபிடிப்பு, மிஸ்" என்றார்.

"இந்த லயத்துப் பொண்ணு அங்க போய்ச் செஞ்சது" என்றேன்.

"அப்படியா?" என்று சொல்லிவிட்டு அவர் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

போன வாரம் விடாமல் மழை. மத்தியானம் சைரன் ஊதியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பாடசாலை மண்டபத்துக்கு ஓடிவந்தோம். கொஞ்ச நேரத்தில் மேடு இறங்கி, லயத்தில் பாதியை மூடியது. உள்ளே ஒருவரும் இல்லை.

மண்டபத்தில் ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டு, "அந்தக் கொரியாக்காரங்க நல்லா இருக்கணும்" என்றாள். மறுத்துச் சொல்ல நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"விடு புள்ள. யாரு பேரச் சொன்னா என்ன? எல்லாரும் உசுரோட இருக்காங்கல்ல."

உன் அம்மாவால் விட முடிகிறது. எனக்கு அந்த மனசு வரவில்லை. நம் மேட்டுச் சேற்றில் பிறந்த யோசனை, பட்டியலில் இன்னொரு நாட்டை உயர்த்திவிட்டு, நன்கொடையாக நம்மிடம் வருகிறது. அதற்கு நாம் நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொரியாக்காரர்கள் உன்னை மதித்தார்கள். உன் கருவியை நமக்கே அனுப்பியும் வைத்தார்கள். திட்டுவதற்கு அவர்களிடம் ஒரு குறையைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தப் பொறாமை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.