ஒரு ஸ்கேனுக்கு ஐந்து மணி நேரம்

நிலவின் தென்முனை, பனிச்சுரங்கம் 3
குறிப்பு எழுதுபவர்: மருத்துவர் செண்பகவல்லி

நாள் 61, 08:10
காற்றழுத்தம் சரி. ஸ்கேன் கருவி சோதித்தாயிற்று. சுரங்கத்தில் நானும் பனி அறுக்கும் பொறியாளர் ஜெரால்டு மச்சாதுவும் மட்டுமே. அவருக்குச் சளி.

நாள் 61, 10:00
09:40க்கு நில அதிர்வு. சுரங்கத்தின் வாய் மூடிவிட்டது. மருத்துவ அறைக் கதவு இறுகிக்கொண்டது. நான் உள்ளே, மச்சாது வெளிக்கூடத்தில். இன்டர்காம் வேலை செய்கிறது. பேட்டரி இரண்டு அறைகளின் காற்றையும் நாளை நண்பகல்வரை சுத்தம் செய்யும்.
தலைமை நிலையம்: "தோண்டிட்டு வர்றோம். நாளைக்குக் காலைல எட்டு ஆயிடும். கரண்ட்டப் பாத்துச் செலவு பண்ணுங்க."
ஒரு ஸ்கேன் எடுத்தால் ஐந்து மணி நேரக் காற்று போய்விடும்.

நாள் 61, 10:25
மச்சாதுவின் நெற்றி இயந்திரத்தில் மோதியிருக்கிறது. சில நொடி மயக்கம். வாந்தி இல்லை, வலி லேசு, எல்லாம் நினைவிருக்கிறது. வயது 38. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எதுவும் எடுப்பதில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. பசிக்கிதுன்னா பாத்துக்கோங்க."
ஸ்கேன் வேண்டியதில்லை. மணிக்கொருமுறை விசாரித்தால் போதும். கதவை அறுத்து அவரை உள்ளே கொண்டுவரவே மூன்று மணி நேரக் காற்றுக்கான மின்சாரம் போகும்.
என் இடக்காதுக்கு மேலே கதவுச் சட்டம் இடித்து வீங்கியிருக்கிறது. சின்ன வீக்கம்தான்.

நாள் 61, 11:30
மச்சாது தெளிவு. எனக்கு ஒரு வாந்தி. அழுத்தம் மாறியதால் இருக்கும். சுவர்கள் கிட்டே வந்துவிட்டதுபோல் இருக்கிறது.

நாள் 61, 12:20
மறுபடி வாந்தி. மச்சாதுவிடம் தலைவலி எப்படி என்று கேட்டேன். "இத நாலாவது தடவையாக் கேக்கீங்க. நீங்க மயங்கிக் கெடந்தது ஞாபகமிருக்கா? பத்து நிமிசம் கூப்பிட்டேன், பதிலே இல்ல."
நினைவில்லை. மயக்கம், இரண்டு வாந்தி, மறதி. வேறு யாராக இருந்தாலும் உடனே ஸ்கேன் எழுதியிருப்பேன்.

நாள் 61, 12:35
மச்சாது எனக்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முடியாது என்றேன். அது அவருடைய காற்றும்கூட. ரத்தக்கசிவு தெரிந்தாலும் மண்டையில் துளையிட இங்கே யார் இருக்கிறார்கள்?
"எனக்குன்னா எடுத்திருப்பீங்கல்ல?"
எடுத்திருப்பேன்.
"ரம்பம் எங்கிட்ட இருக்கு, கதவ அறுத்துருவேன். எலும்புல ஓட்ட போடுறது உங்ககிட்ட இருக்கு. எந்த எடம்னு மட்டும் படத்தப் பாத்துச் சொல்லுங்க. எடுங்கம்மா."
அழுதேன். பிறகு கருவிக்குள் படுத்தேன்.

நாள் 61, 13:10
இடப்பக்கம். மண்டையோட்டுக்கும் மூளைச் சவ்வுக்கும் நடுவே ரத்தம். பெரிது. வலக்கை விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. இடக்கையால் எழுதுகிறேன். ரம்பம் கதவில் அலறுகிறது.

நேரம்
மச்சாது இது உங்களுக்கு. இடக்காதுக்கு முன்னால் இரண்டு விரல். மேலே மூன்று விரல். எலும்பு இளகியதும் நிறுத்துங்கள். அழுத்தாதீர்கள். கறுப்பாக வரும் வரட்டும் பயப்பட
கதவில் வெளிச்சம்

நாள் 61, 15:05
எழுதுவது ஜெரால்டு மச்சாது. துளை போட்டேன். கட்டி கட்டியாக ரத்தம் வந்தது. வலக்கையைக் கிள்ளினால் இழுத்துக்கொள்கிறார். கண் திறக்கவில்லை.
காற்று அதிகாலை நான்கு வரைதான். எட்டுக்கு முன்னால் வரமுடியாது என்று நிலையம் மறுபடியும் சொல்லிவிட்டது. வெளிக்கூடத்தின் சுத்திகரிப்பானை நிறுத்தினால் மருத்துவ அறைக்கு எட்டைத் தாண்டியும் கிடைக்கும். ஆனால் இந்த அறையின் சுத்திகரிப்பான் ஓர் ஆளுக்குத்தான் தாங்கும்.
நிறுத்திவிட்டேன். கதவில் அறுத்த ஓட்டையை வெளியிலிருந்து தகடு வைத்து அடைக்கப்போகிறேன். கூடம் பெரியது. எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.
டாக்டரம்மா, ஸ்கேன் எடுக்கச் சொன்னது நான். நீங்கள் செய்தது சரிதான். விழித்ததும் இன்டர்காமில் கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் கதவைத் திறக்காதீர்கள்.