ஆறு பங்கு மாத்திரை

பங்குனி, 1974

மாப்பிள்ளை சுப்பையா,

கோவில்பட்டியில் வெயில் தொடங்கிவிட்டது. நீ இருக்கும் இடத்தில் வெயில் உண்டா, தெரியவில்லை. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நல்ல சேதிதான். முதல் வரியிலேயே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டாய். பாடப்புத்தகத்தையே கடைசிப் பக்கத்திலிருந்து படித்தவன் நீ.

அதற்கு முன் ஒரு வாக்குமூலம். நீ போன பன்னிரண்டாம் நாள் பரீட்சை முடிவு வந்தது. இரண்டு பேரும் தேறியிருந்தோம். மருந்தியலில் உனக்கு என்னைவிட நான்கு மதிப்பெண் அதிகம். இரண்டு வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. செத்தவன்மேலும் பொறாமைப்பட முடிகிறது, பார்த்தாயா?

மூன்று நாள் காய்ச்சல். மருந்தைப் படித்த இரண்டு பேர் ஒரே அறையில். ஒருவன் கட்டிலில். ஒருவன் கட்டிலின் ஓரத்தில். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது நான் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன். இன்னும் எழுதுகிறேன். தலைப்பில்லாத கவிதைகள். நீ இருந்தால், "இது என்னலே, மருந்துச் சீட்டா?" என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் சுகாதாரப் பணிக்குப் பயிற்சி பெறும் பெண்களுக்கு அடிப்படை மருந்தியல் வகுப்பு எடுக்கிறேன். பதினெட்டுப் பேர். எல்லோரும் தமிழில் படித்து வந்தவர்கள். முதல் நாள் கரும்பலகையில் 'பார்மகோகைனடிக்ஸ்' என்று எழுதினேன். பதினெட்டு முகமும் கடை சாத்துவதுபோல் சாத்திக்கொண்டன.

அழித்துவிட்டு, விடுதி மொட்டை மாடியில் நீ சொன்னதை எழுதினேன். மருந்து உடம்பை என்ன செய்கிறது? உடம்பு மருந்தை என்ன செய்கிறது? "ரெண்டே கேள்விதாம்லே மொத்தப் புத்தகமும்" என்பாய். முகங்கள் கொஞ்சம் திறந்தன.

அரை ஆயுளுக்கு நீ சொல்லும் ஆட்டுச் சந்தை உதாரணத்தைத்தான் ஓட்டினேன். ரத்தத்தில் சேர்ந்த மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் அரை ஆயுள். சந்தைக்கு நூறு ஆடு போகிறது. ஒவ்வொரு மணி நேரமும் இருப்பதில் பாதி விற்கிறது. நூறு, ஐம்பது, இருபத்தைந்து. எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வரும் பேச்சியம்மாள் கை தூக்கினாள்.

"சார், அடுத்தது பன்னெண்டரை ஆடு. அரை ஆடு எப்படி சார் நிக்கும்?"

"அதக் கறியாக்கிரலாம்."

உன் பதில். சிரிப்பு எனக்குக் கிடைத்தது.

சரி, சேதி. அப்பா என்று நீ ஒருநாளும் கூப்பிடாத உன் ஐயாவைப் பற்றியது.

போன வருடம் தை மாதம் அவரை உன் அம்மா என்னிடம் கூட்டி வந்தார். புரட்டாசியிலிருந்தே இருமலாம். ஆள் பாதியாகியிருந்தார். சளியில் கிருமி இருந்தது. காசநோய். பதினெட்டு மாதம், தினமும் ஒரு வெள்ளை மாத்திரை. முதல் சில மாதங்களுக்கு வாரம் இரண்டு ஊசி. மாத்திரையை மாதம் முப்பதாகப் பொட்டணம் கட்டி நானே கொடுத்தேன். "ஒருநாள்கூட விடக் கூடாது மாமா" என்றேன். "விடல மருமவனே" என்றார். வெள்ளியும் செவ்வாயும் ஊசிக்குத் தவறாமல் வந்தார்.

இரண்டு மாதம் முடிந்தது. சளியைப் பார்த்தோம். கிருமி அப்படியே இருந்தது.

எனக்குப் புரியவில்லை. மருந்து சரி. அளவு சரி. ஆள் பொய் சொல்கிறவர் இல்லை. பிறகு?

பதில் ஒரு வாரம் கழித்துத் தானாகவே சன்னலுக்கு வந்தது. குருசாமி அண்ணாச்சி. உன் ஐயாவோடு கிடையில் கூட்டாக இருக்கும் ஐந்து பேரில் பெரிய மீசைக்காரர். நீ சொல்வாயே, ஆறு பேர் ஆட்டையும் ஒன்றாக மேய்த்து, பொழுது அடைந்ததும் கரிசல் காட்டில் வளைத்து அடைத்து, காட்டுக்காரருக்கு உரம் கொடுக்கிற கூட்டு. அதில்தான்.

"தம்பி, அந்த மாத்திரைய மாத்திக் குடுங்க. எனக்கு ஒத்துக்கிடல. தின்ன அன்னைக்கெல்லாம் வாந்தி."

"எந்த மாத்திரை?"

"கெடை மாத்திரைதான்."

"சீட்டு எங்க?"

"எனக்கு எதுக்குச் சீட்டு? பெரியவருதான வாங்கியாராரு. நாங்க பங்கு வச்சிக்கிடுதோம்."

பெருமையாகச் சொன்னார், சுப்பையா. முப்பது மாத்திரை. ஆறு பேர். ஆளுக்கு ஐந்து. உன் ஐயா இரண்டு மாதத்தில் தின்றது பத்து மாத்திரை. ஊசியை மட்டும் முழுதாகப் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பிரிக்க வழி தெரிந்திருக்காது.

நோயில்லாத உடம்பில் அந்த மருந்துக்குப் பிடிக்க எதிரி இல்லை. பக்கவிளைவு மட்டும்தான் வேலை செய்யும். குருசாமி அண்ணாச்சியின் வாந்தி பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவருடைய பெருமைதான் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை உன் ஐயாவைப் பிடித்தேன்.

"மாமா, மாத்திரையப் பங்கு வச்சீங்களா?"

"ஆமா. பின்ன?"

"அது ஒங்களுக்கு மட்டும் குடுத்ததுல்லா."

"கெடைக்கு வந்தது எது எனக்கு மட்டும் வந்திருக்கு? கருப்பட்டி வந்தா ஆறு. பீடிக்கட்டு வந்தா ஆறு. ஒன் மாத்திரை மட்டும் என்ன, மகாராசா வீட்டுப் பொண்ணா?"

"அவியளுக்கு நோய் இல்லையே!"

"நாளைக்கு வந்துட்டா? இப்பமே தின்னு வைக்கட்டும்."

சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் சிரிப்பு நின்றது. மருத்துவர் சொன்னதுதான் தலையில் ஓடியது. குறைந்த அளவு கிருமியைக் கொல்லாது, பழக்கும். பழகிய கிருமிக்கு மருந்து வெறும் சுண்ணாம்பு. இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் இந்த மாத்திரை அவருக்கு வேலை செய்யாது. அதற்கு மேல் கொடுக்க எங்கள் அலமாரியில் வேறொன்றும் இல்லை. உன் அம்மா ஒருவனை அனுப்பிவைத்துவிட்டார். அந்த வீடு இன்னொன்றைத் தாங்குமா?

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன். கிடை புதூர்ப் பக்கம் இருந்தது. ஆறு பேரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தேன். மருந்தளவு, இடைவெளி, எதிர்ப்புத்திறன். ஆடுகள்கூடக் கவனிக்கவில்லை. பிறகு உன் வழிக்கு வந்தேன்.

"இந்தக் காட்டுல எத்தன ராத்திரி அடைப்பீங்க?"

"பத்து" என்றார் குருசாமி அண்ணாச்சி.

"ஒரு ராத்திரி அடைச்சிட்டு அடுத்த காட்டுக்குப் போனா?"

"காட்டுக்காரன் கம்பெடுப்பான். ஒரு ராத்திரிப் புழுக்கை எந்த மூலைக்குப் பத்தும்?"

"மாமா உடம்பு ஒரு காடு. முப்பது நாளும் அங்கனயே அடைக்கணும். நீங்க ஆறு காட்டுக்குப் பிரிக்கீங்க. ஒரு காடும் வெளையாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஐந்து பேருக்கும் சளி பார்க்க வேண்டும் என்றேன். அதற்கும் தலையாட்டினார்கள். (பார்த்தோம். யாருக்கும் இல்லை.) ஜெயித்துவிட்டேன் என்று சைக்கிளை எடுத்தேன். உன் ஐயா பின்னாலேயே வந்தார்.

"வெளங்குது மருமவனே. நல்லாவே வெளங்குது. ஆனா கஞ்சிக்கு ஆறு பேரும் உக்காந்திருக்கையில, நான் மட்டும் மடியில இருந்து எடுத்து எப்படித் திங்க? அஞ்சு பேரு என் வாயப் பாத்துக்கிட்டு இருப்பான். தொண்டையில எறங்காது."

மருந்து வயிற்றில் கரைவது, குடலில் உறிஞ்சப்படுவது, ரத்தத்தில் பரவுவது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. தொண்டையில் ஏன் இறங்காது என்பது எந்த அதிகாரத்தில்? அவர் அறியாமல் செய்யவில்லை, சுப்பையா. அறிந்த பிறகும் முடியவில்லை. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

மூன்று நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் உன் குரல் கேட்டது என்று எழுத ஆசை. கேட்கவில்லை. அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் மாத்திரை டப்பா கையில் தட்டுப்பட்டது. பி காம்ப்ளெக்ஸ். வெறும் சத்து மாத்திரை.

மருத்துவரிடம் கேட்டேன். "குடு, ஒண்ணும் செய்யாது" என்றார்.

அடுத்த வாரம் ஆறு பொட்டணத்தோடு போனேன். ஏமாற்றவில்லை. சொல்லித்தான் கொடுத்தேன். மாமாவுக்கு நோய் மாத்திரை, வெள்ளை. மற்ற ஐந்து பேருக்கும் சத்து மாத்திரை, மஞ்சள். ஆளுக்கு ஒன்று. கஞ்சி நேரத்தில் எல்லோரும் ஒன்றாக.

குருசாமி அண்ணாச்சி மஞ்சளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நல்லா மினுமினுன்னு இருக்கே. பெரியவருக்கு மட்டும் ஏன் வெளுத்துப்போனது?"

"நோய்க்காரன் பங்கு" என்றார் உன் ஐயா.

"மாத்தித் தின்னா?" என்றார் இன்னொருவர்.

"தின்னு பாரு. குடல் வெளிய வரும்" என்றார் குருசாமி அண்ணாச்சி. அனுபவஸ்தர்.

அன்றிலிருந்து தினமும் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து மாத்திரை தின்கிறார்கள். மழைக்காலத்தில் ஆடுகள் மேற்கே போனபோது பொட்டணமும் போனது. ஒருவர் மறந்தால் ஐந்து பேர் கத்துகிறார்கள். எங்கள் மருத்துவமனையில் எந்த நோயாளியும் இவ்வளவு ஒழுங்காகத் தின்று நான் பார்த்ததில்லை. எது மருந்தைக் கெடுத்ததோ அதுவே மருந்தைக் காப்பாற்றுகிறது. இதற்கு ஒரு கலைச்சொல் வேண்டும். உனக்குத் தோன்றினால் எப்படியாவது சொல்லியனுப்பு.

நடுவில் ஒரு கலகம். உன் ஐயாவுக்குப் பாதத்தில் எறும்பு ஊருவதுபோல் இருந்தது. வெள்ளை மாத்திரையின் பக்கவிளைவு, நரம்புக்கு ஒரு வைட்டமின் குறைவதால் வருவது. அவருக்கும் ஒரு மஞ்சள் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். கிடையில் பஞ்சாயத்து கூடிவிட்டது. "பெரியவருக்கு ரெண்டு பங்கா?" அவருடைய காலை நான் தட்டிக் காட்டி விளக்கிய பிறகுதான் அடங்கியது.

மஞ்சள் மாத்திரை வந்ததிலிருந்து குருசாமி அண்ணாச்சிக்கு முட்டிவலி போய்விட்டதாம். இன்னொருவர் அயர்ந்து தூங்குகிறாராம். இதை வகுப்பில் சொல்லி, நம்பிக்கையால் வரும் குணம் என்று ஒன்று உண்டு என்றேன். பேச்சியம்மாள் விடவில்லை.

"சார், முட்டிவலி நெசமா போச்சா?"

"போச்சுன்னு சொல்லுதாரு."

"போச்சுன்னா அதுவும் மருந்துதான சார்?"

அடுத்த செவ்வாய் சொல்கிறேன் என்று தப்பித்தேன். ஆறு செவ்வாய் போய்விட்டது. நீ என்ன சொல்லியிருப்பாய்?

ஆடியில் சளி பார்த்தோம். கிருமி இல்லை. அன்றுதான் எனக்குப் பயம் அதிகம். இருமல் நின்றுவிட்டது, சதை பிடித்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று நினைக்கும் நாள் அது. நிறையப் பேர் அந்த நாளில் விட்டுவிட்டுத் திரும்ப விழுகிறார்கள். பயந்ததுபோலவே நடந்தது. நான் சைக்கிளை எடுப்பதற்குள் குருசாமி அண்ணாச்சி சன்னலில் நின்றார்.

"பெரியவரு நேத்து வேண்டாம்னுட்டாரு. எல்லாம் நல்லாயிட்டுன்னாரு. நாங்களும் மாத்திரையக் கீழ வச்சிட்டோம்."

"பிறகு?"

"அவரு திங்காம எங்களுக்கு மட்டும் எப்படி எறங்கும்? சொன்னோம். அஞ்சு பேரு மூஞ்சியையும் பாத்தாரு. என் முட்டியையும் பாத்தாரு. எடுத்து வாயில போட்டுட்டாரு."

இப்போது சேதி. போன வாரம் மறுபடியும் பார்த்தோம். சளியில் கிருமி இல்லை. நெஞ்சும் தெளிவாக இருக்கிறது என்றார் மருத்துவர். பங்கு வைத்த நாளைத் தள்ளிவிட்டால் பதினொரு மாதம் முடிந்துவிட்டது, இன்னும் ஏழு. உன் ஐயா பிழைத்துவிட்டார், மாப்பிள்ளை. உன் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு இரண்டாம் முறையாகச் சோறு போட்டார்.

வெள்ளிக்கிழமை கிடைக்குப் போய் அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். நொண்டுகிற ஆடொன்றின் காலைத் தூக்கி முள்ளைத் தேடினார். அவ்வளவுதான். பொழுது அடைந்தது. கஞ்சிக்கு உட்கார்ந்தார்கள். நான் கிளம்ப எழுந்தேன்.

"எங்க போற? உக்காரு" என்றார் உன் ஐயா.

உட்கார்ந்தேன். பொட்டணங்கள் பிரிந்தன. உன் ஐயாவின் உள்ளங்கையில் இரண்டு. வெள்ளையைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மஞ்சளை என் கையில் வைத்தார்.

"மாமா, இது ஒங்க காலுக்கு..."

"ஒரு நாளு எறும்பு ஊருனா ஊருது. தின்னு."

ஆறு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டுக்கொண்டேன். இறங்கியது.

இன்னும் ஏழு மாதம். வெள்ளிக்கிழமைதோறும் போவேன். கடைசி வெள்ளை மாத்திரை அவர் தொண்டையைத் தாண்டுவதை நானே உட்கார்ந்து பார்ப்பேன். அதற்குப் பிறகும் போவேன். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

உன் வீட்டு மருமகன்,
உன் மச்சான்
செல்வராஜ்