கிருமி என்று சொல்லாமல் விற்ற சோப்பு

முருகேசன் அப்பாவுக்கு, உங்கள் பாதம் தொட்டு எழுதுவது.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு ஆடி கழிந்துவிட்டது. நல்ல செய்தியோடுதான் எழுதுகிறேன். ஆனால் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். "ஆராய்ச்சியை முடிக்கிற வரைக்கும் பையனைக் கலைச்சுடாத" என்று கடைசியாகச் சொன்னீர்களே, அதை நான் காப்பாற்றவில்லை.

முருகேசன் பெங்களூர்க் கல்லூரியில் வெங்காய வேரைப் பூதக்கண்ணாடியில் வைத்து, ஒரு செல் இரண்டாகப் பிரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே யாருக்கு அது புரிந்தது? பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி, "உங்க பையன் செல்லு ஆராய்ச்சிதானுங்களே? எங்க வூட்டு விட்டத்தைச் செல்லு அரிக்குது, மருந்து கேட்டுச் சொல்லுங்க" என்றாள். கரையான் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

போன தை மாதம் வந்து நின்றான். "அம்மா, சோப்புக் கம்பெனியில விளம்பர வேலைக்குக் கூப்பிடறாங்க. நான் கண்ணாடியில பாக்கறது பத்துப் பேருக்குத்தான் தெரியும். இது வூட்டுக்கு வூடு போகும்." முருகன் சந்நிதியில் பூப்போட்டுக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தது. போ என்றேன்.

ஆனியில் பாப்பாரப்பட்டிச் சந்தையில் கடை போட்டான். 'சிரங்குக் கிருமியை ஒழிக்கும் சோப்பு' என்று பலகை. காலையில் நான் எண்ணிக் கொடுத்த நூற்று நாற்பத்து நான்கு கட்டியும் மாலையில் அப்படியே திரும்பின. அடுத்த சந்தையிலும் இப்படியென்றால் வேலை கிடையாது என்று கம்பெனிக் கடிதம் வந்தது. கல்லூரி இடமும் போயாகிவிட்டது. பிள்ளையை நானே நடுவழியில் நிறுத்திவிட்டேனோ?

"உண்மையைத்தானேம்மா எழுதுனேன்" என்றான்.

"உண்மைதான் சாமி. நாலு பேர் பாக்க அதை வாங்குனா, எங்க வூட்டுல சிரங்குன்னு தமுக்கடிச்ச மாதிரி. எவ வாங்குவா? ஆடிப் பதினெட்டு வருது. முழுக்குக்குன்னு எழுது."

பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக்கூட்டிப் படித்தவள் சொன்னதை அவன் அப்படியே எழுதினான்: 'ஆடிப்பெருக்கு முழுக்குக்கு நல்ல சோப்பு. பிள்ளைகளுக்கும் ஆகும்.'

அடுத்த சந்தைக்கு நானும் போனேன். உச்சிப்பொழுதுக்குள் பெட்டி காலி. "எனக்கு ரெண்டு குடுங்க தம்பி. மாமியாளுக்குத் தனியா ஒண்ணு. என் கட்டியை அது தொட்டா, அப்புறம் நான் காவேரியிலதான் குதிக்கணும்" என்றாள் ஒருத்தி. சந்தையே சிரித்தது.

இப்போது அந்த வாசகம்தான் கம்பெனி உறையில் இருக்கிறது. சேலம் ஜில்லா முழுவதற்கும் விளம்பரப் பொறுப்பு உங்கள் மகனுக்கு. அதைவிடப் பெரிய சேதி, நம் தெருப் பிள்ளைகள் சொறியாமல் தூங்குகிறார்கள். கிருமி என்ற பேச்சே எழவில்லை.

நீங்கள் ஆசைப்பட்டது பட்டமா, இல்லை அவன் படித்தது நாலு பேருக்கு உதவுவதா? அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் வத்தல்மலைக்குப் போகிறான். மலைப் பெண்கள் எதை எந்தப் பேரில் சொல்லுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? நானும் கூடப் போகிறேன். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பலகையும் எழுத விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு, இதைக் காப்பாற்றுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையைப் பெற்றவள்