வலது பக்கம் ஜன்னல் இல்லாத கப்பல்

என்னோடு சண்டைபோட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன செல்ல அண்ணாவுக்கு,

நம் கப்பல் ஜெயித்துவிட்டது! விண்கலம் வரைகிறவர்களின் ஆன்லைன் குழுவில் இந்த மாதத்தின் சிறந்த கப்பல் நம்முடையதுதான். முதலில் உன்னிடம்தான் கத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லக் கூசுகிறது.

வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டோம்? வெளி உடம்பு உன்னுடையது, உள்ளே அறைகள் என்னுடையவை. நீ கடலுக்குப் போய்வந்து குளித்த கையோடு லேப்டாப்பைப் பிடுங்குவாய். இரண்டையும் சேர்த்துப் பார்த்த அன்று, என் சமையலறைக்கும் மூன்று படுக்கையறைகளுக்கும் வலது பக்கம் ஜன்னல் இருந்தது. உன் கப்பலின் வலது பக்கமோ வழவழவென்று வெறும் சுவர்.

"இன்னாண்ணா இது? உள்ள நின்னா நட்சத்திரம் தெரியுது, வெளிய வந்தா ஜன்னலையே காணோம்!"

"அது வலை இழுக்கிற பக்கம் மே. ஜன்னல் சட்டம் கிட்டம் நீட்டிக்கினு இருந்தா வலை மாட்டிக் கிழியும்."

"விண்வெளியில இன்னா மீனு புடிக்கப்போற?"

"பின்ன, கப்பல்ல இருக்கறவன் இன்னாத்தத் துன்னுவான்? உன் மூஞ்சியவா?"

சிரித்த சிரிப்பில் அன்றைக்கு எதையும் முடிவு செய்யவில்லை. அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

போன வாரம் குழுவில் சொல்லிவிட்டார்கள், உள்ளும் வெளியும் பொருந்தாத கப்பலைப் போட்டியில் சேர்க்க மாட்டோம் என்று. என் அறைகளை இடது பக்கம் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. அவ்வளவு அழகாக வந்திருந்தன, அண்ணா. உன் சுவரில்தான் நாலு ஜன்னல் வெட்டினேன். நீ எதிர்த்துப் பேச மாட்டாய் என்கிற தைரியம்தானே அது?

இப்போதுதான் கச்சிதமாக இருக்கிறது என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் ஹார்ட் போட்டார்கள். அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவள் போனை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி, உங்கண்ணன் படவுல எவன் ஓட்டை போட்டான்?"

"நான்தாம்மா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கருவாட்டுப் பக்கம் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. நீயாவது திட்டுவாயா?

இன்றைக்கே நாலு ஜன்னலையும் அடைக்கிறேன், அண்ணா. என் அறைகளைப் பெயர்த்து இடது பக்கம் நெருக்கிவைக்கிறேன். நடக்கக்கூட இடம் இருக்காது, பார்க்கவும் அசிங்கமாக வரும். வரட்டும். குழு பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும் சரி, உன் பக்கத்தில் இனி கைவைக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
கப்பலின் உள்பக்கத்துக்காரி,
உன் தங்கச்சி