ஒற்றைத் தும்மல்

1943 மார்ச் 8, திங்கள். குளுவாங், மலாயா.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். செட்டியார்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு பெட்டியும் பாயுமாக ஒரே கூடத்தில் தொழிலையும் தூக்கத்தையும் நடத்துகிற இந்தக் கிட்டங்கியில், என் மூக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் ஒருவர் இல்லை. என் கருத்தை மட்டும் யாரும் கேட்டதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இன்று காலை உலகப்பன் அண்ணன் பெர்மிட் விஷயமாக ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினார். கிட்டங்கிக்கு மூத்தவர்; வயதில் மட்டும். வலது காலைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைக்கப்போன நேரத்தில் நான் தும்மினேன். புறப்படும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது. திரும்பி வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். எழுந்து மறுபடி காலைத் தூக்கினார். மறுபடி தும்மினேன்.

"இப்ப ரெண்டு ஆச்சுண்ணே. ரெட்டைன்னா நல்லதுதானே" என்றார் சொக்கநாதன்.

"நடுவுல தண்ணி குடிச்சாச்சுப்பா. அந்தக் கணக்கு முடிஞ்சுபோச்சு. இது புது ஒத்தை."

பஸ் போய்விட்டது. பகல் முழுவதும் கூடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 9

ஏழு. ஒற்றைப்படை. யாரும் வெளியே போகவில்லை.

மார்ச் 12

உலகப்பன் அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தம்பி, இந்த மூக்கை வச்சுக்கிட்டு நீ கூடத்துல இருக்க முடியாது. சித்திரை பொறக்கட்டும். காஹாங்ல நம்ம மரவள்ளித் தோட்டத்துக்கு ஆள் வேணும். அங்க போயி மனசாரத் தும்மு."

காஹாங் தோட்டம் என்பது பாதி வெட்டிய காடு. போன ஆண்டு அங்கே அனுப்பிய ஆளை மலேரியாவோடு மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். எனக்குத் தும்மலோடு போவதில்லை. விடியற்காலையில் நெஞ்சு விசிலடிக்கிறது, மூச்சை உள்ளே இழுத்தால் வெளியே விட முடிவதில்லை. அந்த ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்குவேனா? அண்ணனுக்கு இது தெரியும். அவருக்கு இரவில் என் விசில் கேட்கிறது என்று அவரே குறை சொல்லியிருக்கிறார்.

யாருடைய குற்றம்? இருபது ஆண்டுக்கு முன் சிங்கப்பூரில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவனை "கடைக்கு ஆள் இல்லை" என்று தந்தி கொடுத்து இழுத்த என் தகப்பனாருடையது. அந்தத் தந்தியின் வாசகத்தை எழுதிக்கொடுத்தவர் உலகப்பன் அண்ணன். நான் மறக்கவில்லை.

மார்ச் 15

ஜெயபாலனிடம் போனேன். என்னோடு படித்தவன், அவனும் முடிக்கவில்லை, ஆனால் இங்கே ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிற டிரெஸ்ஸர். ஊரே அவனை டாக்டர் என்கிறது, அவனும் மறுப்பதில்லை. மூச்சுக்கு மருந்து இல்லை என்றான். வயிற்றுவலி மாத்திரை தவிர மருந்து என்று எதுவுமே இல்லையாம். வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போன மருத்துவ சஞ்சிகைகளைக் கிழித்து மாத்திரை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கற்றையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

படித்தேன். இருபது ஆண்டுகளில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்! நோயை எதிர்க்க உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. சிலருக்கு அந்தக் காவலின் புத்தி கெட்டுவிடுகிறது. பூனை முடி, பறவை இறகு, வீட்டுத் தூசி, பழைய பஞ்சு, இப்படி ஒரு தீங்கும் செய்யாத பொருளை எதிரி என்று எண்ணிப் பாய்கிறது. மூக்கு ஒழுகுவதும் மூச்சுக்குழாய் இறுகுவதும் அந்தப் பாய்ச்சல்தான். புரியாதவர்கள் நம் நாற்சந்தியில் துப்பாக்கியோடு நிற்கிற ஜப்பான் சிப்பாயைப் பார்க்கட்டும். குனிந்து வணங்க மறந்த கிழவனுக்கும் அறை, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்த வாத்தியாருக்கும் அறை. என் மூக்குக்குள் அப்படி ஒருவன் நிற்கிறான்.

எது அவனைக் கிளப்புகிறது என்று கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. முன்கையில் ஊசியால் லேசாகக் கீறி, சந்தேகப்படும் பொருளை ஈரமாக்கித் தடவ வேண்டும். சற்று நேரத்தில் தடித்து அரித்தால் அதுதான் குற்றவாளி.

கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்து, தும்மலுக்கும் சகுனத்துக்கும் சம்பந்தமில்லை என்று சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரையும் எழுதுவேன். என் பெயர் கொட்டை எழுத்தில் வர வேண்டும். அண்ணன் கண்ணாடி இல்லாமலே படிக்க வேண்டும்.

மார்ச் 19

உலகப்பன் அண்ணனின் மூக்குப்பொடி. மிகுந்த நம்பிக்கையோடு தடவினேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 20

உலகப்பன் அண்ணனின் திருநீறு. ஒன்றும் இல்லை. அவருடைய சந்தனம், அவருடைய பாயின் தூசி, அவர் தலைக்குத் தடவும் எண்ணெய் — ஒன்றும் இல்லை. மனிதர் எந்த விதத்திலும் உதவமாட்டார்.

மார்ச் 24

சொக்கநாதனின் பூனை. 1938இல் என் பாயில் குட்டி போட்டது. அவர் இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. முடி எடுக்கப் போனதில் பூனையே நான்கு கீறல் போட்டுக் கொடுத்தது, ஊசி மிச்சம். தடிக்கவில்லை.

என் சந்தேகங்கள் எல்லாம் எனக்குப் பிடிக்காதவர்கள் மேலேயே விழுவது தற்செயல்தான்.

மார்ச் 29

வெற்றி! செல்லப்பன் என்கிற நம் சமையல்காரன், மரவள்ளிக் கஞ்சியில் என் பங்கை மட்டும் தண்ணீராக ஊற்றுபவன், அரைத்து வைத்த மிளகாய்த்தூள். கை தீயாய் எரிகிறது, அரை முழத்துக்குச் சிவந்துவிட்டது. கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சமையலில் இனி மிளகாய் கூடாது என்று அறிவித்தேன்.

மார்ச் 30

மிளகாய் இல்லாத மரவள்ளிக் கஞ்சி. மற்ற ஒன்பது பேரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது தும்மல்.

ஏப்ரல் 2

ஜெயபாலன் வந்தான். என் கையைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"மிளகாயை எவன் கையில கீறித் தேய்ச்சாலும் வீங்கும் வயிரவா. அந்த மாட்டுவண்டி மாட்டுக்குத் தேய்ச்சாலும் வீங்கும்."

"தெரியும். சரிபார்க்கத்தான் இருந்தேன்."

"ஊர்ல உள்ளவன் சாமானெல்லாம் தடவியாச்சு. உன் சாமானைத் தடவிப் பாத்தியா?"

என் சாமானில் என்ன இருக்கிறது? நான்கு வேட்டி, ஒரு பெட்டி. இன்னும் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 5

தலையணை.

ஊரில் இருக்கிற என் மனைவி அழகம்மை தைத்தது. மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் புது இலவம்பஞ்சு அடைத்து ஒரு தலையணை தருவாள். பழையதை இங்கே எறிந்துவிடுவேன். '41 கடைசியில் கப்பல் ஏற வேண்டியவன். கப்பல் வரவில்லை, குண்டு வந்தது. கடிதமும் நின்றது. அதனால் இது ஐந்தாவது வருடமாக என் தலைக்கு அடியில் இருக்கிறது.

உறையைத் தட்டினேன். மாவு போலத் தூசி வந்தது. தடவினேன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொசுக்கடி போல ஆரம்பித்து, ஒரு செப்புக்காசு அளவுக்கு வெள்ளையாகத் தடித்து எழும்பியது. அரிப்பு தாங்கவில்லை. நான் சொறியவில்லை.

செல்லப்பன் கையிலும் ஒரு கீறல் போட்டுத் தடவினேன், அவன் திட்டத் திட்ட. அவனுக்கு ஒன்றும் இல்லை. ஆகவே ஐயமில்லை.

மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இருக்கிறேனா?

அவள் என்ன செய்வாள். பஞ்சு பழசாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 6

காற்றுப் புகாமல் இருக்கட்டும் என்று தலையணையைப் புகைபோட்ட ரப்பர் ஷீட்டில் சுற்றிக் கட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். இந்த ஊரில் இன்று மலிவாகக் கிடைப்பது ரப்பர் ஒன்றுதான். தலைக்கு மடித்த வேட்டி.

ஏப்ரல் 10

தும்மல் இல்லை. விசில் இல்லை. விடியும்வரை தூங்கினேன்.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்துவிட்டது. "தம்பிக்குத் தும்மல் நின்னுருச்சு, காஹாங்குக்கு வேற ஆள் பாக்கணும்" என்று அண்ணன் துக்கம் சொல்வதுபோலச் சொன்னார். காரணத்தை விளக்கினேன். காவல், எதிரி, பழைய பஞ்சு. கேட்டுவிட்டு, "வைத்தீஸ்வரனுக்கு வேண்டிக்கிட்டேன், அதான்" என்றார்.

பிறகு ஒரு நிபந்தனை. "ஆனா ஒண்ணு. வாசல்ல கால் வைக்கிற நேரத்துல இனி ஒரு தடவை தும்முனே, அன்னைக்கே மூட்டையக் கட்டிரணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். சொக்கநாதன் பூனையைத் தடவிக்கொண்டே ஆட்டினார்.

கட்டுரை தொடங்கிவிட்டேன். பெயரைத்தான் முதலில் எழுதினேன்.

மே 3

ரயிலடிப் பக்கம் உள்ள பழைய ரப்பர் ஸ்டோரில் வெள்ளிக்கிழமை அரிசி கொடுக்கிறார்களாம். திடமான ஆண்கள் நேரில் வந்தால் ஆளுக்கு அரை மூட்டை. கிட்டங்கியில் தீபாவளி மாதிரி இருக்கிறது. அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார், திடமாக.

மே 5

ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். ஜெயபாலன் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை இருநூறு பேருக்குக் காலரா ஊசி போடத் தயாராக வரச் சொல்லி உத்தரவாம்.

"எங்கே?"

"ரயிலடியில."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாடத்தில் அவன் என்னைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவன், ஆனாலும் புரிந்துவிட்டது. அரிசியை வாங்கி வீட்டுக்குத் திரும்புகிறவன் உடம்புக்குள் காலராவைத் தடுக்கிற காவலை எதற்கு ஏற்ற வேண்டும்? ஊர் விட்டு ஊர், கூட்டமாக, கெட்ட தண்ணீர் குடிக்கப் போகிறவனுக்குத்தான் அது வேண்டும். போன மாதம் தோட்டங்களிலிருந்து காட்டுக்குள் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டுபோனவர்களுக்கும் ஊசி போட்டுத்தான் ஏற்றினார்களாம்.

"வெளியில சொல்லிடாத வயிரவா. என் தலை போயிடும்" என்றான்.

மே 6

சொன்னேன். ஜெயபாலன் பெயரை மட்டும் சொல்லவில்லை. அண்ணன் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ஊசி போடுறான்னா நல்லதுதானேப்பா. அரிசிக்கு அரிசியும் ஆச்சு, காலராவும் வராது."

"அண்ணே, அரிசி இல்லை. சயாம்."

"நீ ரெண்டு வருசம் தவளைய அறுத்த. அதை வச்சு இருவது வருசமா எங்களையும் அறுக்குற. தலகாணிதான் தும்முதுன்ன, சரின்னோம். இப்ப ஊசிதான் ஆள் புடிக்குதுங்குற. பயமா இருந்தா நீ வராத. உன் பங்கை நாங்க சேத்து வாங்கிக்கிறோம்."

சிரித்தார்கள். ஒன்பது பேரும் கிளம்புகிறார்கள். போகட்டுமே? என்னை மருத்துவனாக விடாத மனிதர். பூனைக்காரர். போகட்டும்.

மே 7, வெள்ளி. மாலை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அண்ணன் இரண்டு கடிகாரங்களைப் பார்த்தார். ஒன்று தோக்கியோ மணி, சர்க்காருக்கு. மற்றது பழைய மணி, ராகு காலத்துக்கு. ராகு தோக்கியோவுக்குக் கட்டுப்படாது என்பது அவர் கட்சி. நல்ல நேரம் என்றார். சாக்கை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது பேரும் வாசலை நோக்கி நின்றார்கள். நான் பின்னால் பெட்டியைத் திறந்தேன். ரப்பர் ஷீட்டைப் பிரித்தேன். தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இழுத்தேன்.

ஒன்றும் வரவில்லை. ஒரு மாத ஓய்வில் மூக்கு நல்ல ஆரோக்கியமாக இருந்தது. வேண்டாத நாளெல்லாம் ஏழும் ஒன்பதும் போட்ட மூக்கு. தலையணையை இரண்டு கையாலும் குத்தினேன். அண்ணன் வலது காலைத் தூக்கினார்.

தும்மினேன்.

கால் அந்தரத்தில் நின்றது. ஒன்பது முதுகும் நின்றன. அப்பாடா என்று மூச்சை விடுவதற்குள் இன்னொன்று வந்துவிட்டது.

"ரெட்டை" என்றார் அண்ணன் மகிழ்ச்சியோடு. "கிளம்பலாம்."

தையலைப் பல்லால் கிழித்தேன். அழகம்மை நெருக்கமாகத் தைப்பவள், லேசில் விடவில்லை. பஞ்சை அப்படியே அள்ளி மூக்கில் வைத்து இழுத்தேன். மூன்றாவது தும்மல் கூரையில் இருந்த பல்லியைக் கீழே தள்ளியது.

"மூணு" என்றார் சொக்கநாதன்.

நாலாவது வந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு அதை விழுங்கினேன். காது அடைத்தது. நெஞ்சு பூட்டிக்கொண்டது. பெட்டிமேல் சாய்ந்து மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினேன். நல்லவேளை, தும்முவதற்குக்கூட மூச்சு இல்லை.

அண்ணன் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பழைய கடிகாரத்தைப் பார்த்தார். "இனி ராகு காலம் முடிஞ்சுதான்" என்றார். பிறகு என்னிடம், "மூட்டையக் கட்டு" என்றார்.

மூச்சு திரும்பியதும் கட்டத் தொடங்கினேன். நான்கு வேட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றாவதை மடிக்கும்போது சந்தைக்குப் போன செல்லப்பன் ஓடிவந்தான்.

"போகாதீங்க மொதலாளி, யாரும் போகாதீங்க. உள்ள போனவங்கள வச்சு ஸ்டோரு கதவ இழுத்து சாத்திட்டாங்க. கையில ஊசியக் குத்தி ஒவ்வொருத்தரா ரயில் கோச்சுல ஏத்துறாங்க. பொம்பளைங்கல்லாம் தண்டவாளத்துல நிக்குறாங்க. அலமாக், ஐயோ, அந்த அழுகைய கேக்க முடியல."

சொக்கநாதன் கையிலிருந்த சாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றார்.

கிட்டங்கிக்கு வெளியே என் தும்மல் யாருக்கும் கேட்கவில்லை.

மே 9

அண்ணன் தன் கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றினார். "காஹாங் பேச்சு இனி இந்த வீட்டுல இல்ல" என்றார். அவ்வளவுதான். தந்தி எழுதிக் கொடுத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கவில்லை.

மே 12

"தம்பி, நாளைக்கு மூவார் போகலாம்னு இருக்கேன். நீ அந்தத் தூண்கிட்ட சும்மா உக்காந்திரு. வந்தா வரட்டும், வரலைன்னா போறேன்" என்றார் அண்ணன். அடுத்த கிட்டங்கியிலிருந்தும் இரண்டு பேர் வந்து, பத்துபகாட் பயணத்துக்கு என் மூக்கு என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். விஞ்ஞானம் கற்றவனுக்கு வந்த மரியாதை!

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்பது பேரும் என்னையே பார்த்தார்கள். மூடிக்கொண்டேன்.

மே 16

கட்டுரை முடிந்துவிட்டது. பழைய இலவம்பஞ்சை மாற்ற வேண்டியது, முடியாதவர்கள் ரப்பர் ஷீட்டில் சுற்றி வைக்க வேண்டியது, கையில் கீறிப் பார்க்கும் முறை, மிளகாயைத் தடவிப் பார்க்கக் கூடாது என்பது — எல்லாம் இருக்கின்றன. விடியற்காலையில் விசிலடிக்கிற யாராவது படித்தால் ஓர் இரவு தூங்குவார்கள்.

சகுனத்தைப் பற்றிய பகுதி கட்டுரையில் மிகச் சிறந்த பகுதி. அதை அடித்துவிட்டேன்.

பெயர்தான் மிச்சம். இன்று காலை முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தினமும் பத்திரிகையை விளம்பரம் விடாமல் படிக்கிறவர். நான் வாயால் சொன்னபோது நம்பாத பஞ்சை அச்சில் வந்தால் நம்புவார். என் பெயரையும் பஞ்சையும் சேர்த்துப் பார்த்தால், அன்று பெட்டிப் பக்கம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவருக்கே புரிந்துவிடும். இந்த ஊரில் இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை வருமோ. அப்போது என் பேச்சை நம்பமாட்டார்கள். மூக்கையாவது நம்ப வேண்டும்.

ஜெயபாலன் படித்துவிட்டு, "எவனோ விஷயம் தெரிஞ்சவன் எழுதியிருக்கான்" என்று என்னிடமே வந்து சொல்வான். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டியதுதான்.

பெயர் இருந்த இடத்தைக் கத்தரித்துவிட்டேன். நாளைக் காலை அப்படியே தபாலில் போடுகிறேன்.